ஒன்பது வயது என்று எழுதப்பட்டவள்

ஒரு தாளில் மூன்று இணைப் படங்கள். ஒவ்வோர் இணையிலும் இரண்டு பெண் முகங்கள். ஒன்று சீராக வரையப்பட்டிருக்கும், மற்றொன்று கோணலாக. "இவர்களில் யார் அழகு?" என்று குழந்தையிடம் கேட்க வேண்டும். மூன்றுக்கும் 'சரியான' விடை சொன்னால் ஆறு வயதுக்குரிய அறிவு அதற்கு இருக்கிறது என்று பொருள். ஆல்ஃபிரெட் பினேயும் தியோடோர் சிமோனும் 1908இல் பாரிசில் வெளியிட்ட அறிவுச் சோதனையில் இருந்த கேள்வி இது. 1916இல் அமெரிக்காவுக்கு ஏற்பத் திருத்தியபோதும் இதை யாரும் நீக்கவில்லை. ஐந்து வயதுக்கு இறக்கி வைத்தார்கள், அவ்வளவுதான்.

அறிவை அளந்த வரலாற்றை இந்தத் தாளிலிருந்துதான் நான் தொடங்க விரும்புகிறேன். கேள்வியைத் தயாரிப்பவர் எதை அறிவு என்று நம்புகிறாரோ, அதைத்தான் அந்தக் கேள்வி அளக்கும். பெண் முகத்தை அழகு என்றும் அழகின்மை என்றும் பிரிக்கத் தெரிவது அறிவின் அடையாளம் என்று அந்தத் தாள் நம்பியது.

பினேயின் நோக்கம் தீயதல்ல. பாடத்தில் பின்தங்கும் குழந்தைகளை இனங்கண்டு தனிக் கவனம் கொடுப்பதற்காகவே 1905இல் முப்பது பணிகள் கொண்ட முதல் சோதனையை அவர் அமைத்தார். அதற்கு முன் பல ஆண்டுகள் தம் மகள்கள் மதலேனையும் அலிசையும் வீட்டில் கவனித்து, ஒரே வீட்டில் வளரும் இருவர் எவ்வளவு வேறாகச் சிந்திக்கிறார்கள் என்று 1903இல் ஒரு நூலே எழுதியிருந்தார். அறிவு பிறப்பிலேயே முடிவாகிவிட்ட ஒன்று என்போரை 1909இல் வெளிப்படையாகச் சாடினார். 1911இல் இறந்துபோனார்.

அவருடைய முறை எளிது. ஒரு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் செய்துவிடும் பணி அந்த வயதுக்குரிய பணி. எந்த வயதுக்குரிய பணி வரை ஒரு குழந்தை செய்கிறதோ அது அதன் மனவயது. 1912இல் ஜெர்மானியரான வில்லியம் ஷ்டெர்ன், மனவயதை உண்மையான வயதால் வகுக்கச் சொன்னார். 1916இல் ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன் அதை நூறால் பெருக்கினார். எட்டு வயதுச் சிறுமியின் மனவயது ஆறு என்றால் அவளுடைய நுண்ணறிவு ஈவு 75. வகுத்தல் முடிந்ததும் கேள்வித்தாள் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. அவள் பெயரோடு அந்த எண் மட்டும் ஒட்டிக்கொள்கிறது.

இந்தச் சோதனையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர் ஹென்றி கோடார்ட். மனவயது எட்டிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பெரியவர்களைக் குறிக்க 1910இல் 'மோரான்' என்ற சொல்லை உருவாக்கினார். பார்த்தால் தெரியாத மந்தபுத்தி இது. இவர்கள் பிள்ளை பெற்றுக்கொண்டால் சமூகம் கெடும் என்பது அவர் அச்சம். 1913இல் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளைச் சோதிக்கப் பெண்களை அனுப்பினார். கூர்ந்து கவனிக்கப் பெண்களே ஏற்றவர்கள் என்றார். அவர்கள் சோதித்த யூதர், ஹங்கேரியர், இத்தாலியரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் மந்தபுத்தியினர் என்று முடிவு வந்தது. படித்த பெண்களுக்கு வேலைக் கதவுகள் அரிதாகவே திறந்த காலம் அது. அப்படித் திறந்த ஒரு கதவின் மறுபக்கத்தில் அளக்கப்பட நின்றவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். இதையும் நாம் சேர்த்தே பேச வேண்டும்.

கேரி பக் 1906இல் வர்ஜீனியாவில் பிறந்தாள். தாய் எம்மாவிடமிருந்து பிரித்து வேறொரு குடும்பத்தில் வளர்த்தார்கள். பள்ளியில் தேறி வந்தவளை வீட்டு வேலைக்காக நிறுத்தினார்கள். பதினேழு வயதில் வளர்த்த குடும்பத்தின் உறவினன் ஒருவன் அவளை வன்புணர்ந்தான். கர்ப்பம் தெரிந்ததும் அந்தக் குடும்பமே அவளை மந்தபுத்தியினர் காப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. எம்மா ஏற்கெனவே அங்கே அடைபட்டிருந்தாள். பினே சோதனையின் திருத்திய வடிவத்தில் கேரியின் மனவயது ஒன்பது என்றும், எம்மாவுடையது எட்டுக்குச் சற்றுக் குறைவு என்றும் எழுதப்பட்டது. கேரியின் குழந்தை விவியனுக்கு அப்போது ஏழு மாதம். அதைப் பார்த்த சமூகப் பணியாளர் ஒருவர் அதன் பார்வை இயல்பாக இல்லை என்று சாட்சி சொன்னார். மூன்று தலைமுறை கணக்காகிவிட்டது.

கேரிக்காக வாதாடிய வழக்கறிஞர் அந்தக் காப்பகத்தின் முன்னாள் நிர்வாகக் குழு உறுப்பினர். 1927 மே 2 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்றது. அக்டோபர் 19 அன்று அறுவை நடந்தது. தங்கை டோரிசுக்குக் குடல்வால் அறுவை என்று பொய் சொல்லி அதையே செய்தார்கள். பிள்ளை வரவில்லையே என்று ஏங்கிய டோரிஸ், முதுமையில்தான் உண்மையை அறிந்தாள். அந்த நாட்டில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படிக் கருத்தடை செய்யப்பட்டார்கள். விவியன் 1931இல் பள்ளியின் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள்; அடுத்த ஆண்டு எட்டு வயதில் நோயில் இறந்தாள். கேரி செய்தித்தாள் படித்தாள், குறுக்கெழுத்துப் போட்டாள். 1983 வரை வாழ்ந்தாள்.

அந்தச் சோதனை கேரியின் அறிவையா அளந்தது? மணமாகாமல் தாயானதே அவள் மந்தபுத்திக்குச் சான்றாக வைக்கப்பட்டது. வன்புணர்ந்தவனின் மனவயதை யாரும் கேட்கவில்லை.

அளவுகோலைத் திருப்பிப் பிடித்த பெண்களும் உண்டு. ஆண்களிடையேதான் மேதைகளும் மந்தர்களும் மிகுதி, பெண்கள் நடுத்தரமானவர்கள் என்ற கருத்து அன்று அறிவியலாக உலவியது. நியூயார்க்கில் பினே சோதனை நடத்தும் பணியில் இருந்த லீட்டா ஹாலிங்வொர்த், காப்பகங்களில் ஆண்கள் மிகுந்திருப்பது ஏன் என்று பார்த்தார். அறிவு குன்றிய பையன் வெளியே பிழைக்க முடியாமல் சீக்கிரம் அங்கே வந்துவிடுகிறான். பெண்ணோ வீட்டு வேலை செய்தே பல ஆண்டுகள் வெளியில் ஓட்டிவிடுகிறாள். அவள் குறையைச் சமையலறை மறைத்துவிடுகிறது.

1937இல் டெர்மனும் மாட் மெரிலும் சோதனையைத் திருத்தியபோது, ஆண் பெண் வேறுபாடு பெரிதாகத் தெரிந்த கேள்விகளை நீக்கினார்கள். இருபாலரின் சராசரியும் நெருங்கி வந்தது. ஆக, எண்ணில் தெரியும் சமத்துவமும் ஒரு தேர்வுதான். ஆனால் அதே திருத்தத்துக்கு அளவீட்டு மாதிரியாக எடுத்த குழந்தைகள் அனைவரும் அமெரிக்காவில் பிறந்த வெள்ளையர்கள். யாருக்காகக் கேள்வியை மாற்றுவது, யாரை விட்டுவிடுவது என்பதை மனிதர்கள்தாம் முடிவு செய்தார்கள்.

இதைத் தொலைதூரக் கதை என்று மூடிவைக்க முடியாது. 2009இல் சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் வன்புணரப்பட்டுக் கருவுற்ற ஒரு பெண்ணுக்கு, அவள் சம்மதம் இல்லாமலே கருக்கலைப்பு செய்ய உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவளுடைய மனவயதும் ஏறத்தாழ ஒன்பது என்றே சொல்லப்பட்டது. அவளோ குழந்தை வேண்டும் என்றாள். உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. மந்தபுத்தியினர் பிள்ளை பெறக் கூடாது என்ற பழைய இனமேம்பாட்டுவாதத்தைப் பெயர் சொல்லி மறுத்தது. எண்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதே ஒன்பதுக்கு முன்னால் ஒரு பெண்ணின் சொல் எடுபட்டது.

பினேயின் தாளுக்குத் திரும்புகிறேன். எங்கோ ஒரு குழந்தை அந்த இரு முகங்களையும் பார்த்து, "ரெண்டு பேருமே அழகுதான்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு மதிப்பெண் கிடையாது.