மார்ஜின் என்பது மிச்சம் இல்லை

2007-ல வந்த முதல் ஐபோனோட திரை 320-க்கு 480 பிக்சல். எல்லார் கையிலும் அதே அளவு. அதனால ஆப் எழுதினவங்க, "இடமிருந்து 20, அகலம் 280"னு பட்டனுக்கு நேரடியா எண்களைப் போட்டாங்க. வலப்பக்கம் மிஞ்சின 20-தான் மார்ஜின். அதை யாரும் எழுதவே இல்லை, கழித்தல் கணக்குல தானா வந்தது!

2012-ல ஐபோன் 5 கொஞ்சம் உயரமா வந்தது. பழைய ஆப்கள் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டையோட நின்னுச்சு. 2014-ல அகலமும் மாறிடுச்சு. (ஏற்கெனவே பல அளவுகளோட மல்லுக்கட்டின ஆண்ட்ராய்டுக்காரங்க இதைப் பார்த்து சிரிச்சிருப்பாங்க.)

எனக்குப் பிடிச்ச விஷயம், இதுக்கான தீர்வு எவ்வளவு பழசு என்பதுதான். 1963-ல எம்.ஐ.டி-யில் ஐவன் சதர்லேண்ட் 'ஸ்கெட்ச்பேட்' என்ற மென்பொருளை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் ரெண்டு கோடு வரைஞ்சு, "இது ரெண்டும் இணையா இருக்கணும்"னு சொன்னா போதும், கணினியே சரிசெய்யும். எண்ணைச் சொல்லாம உறவைச் சொல்றது. 1990-களில் இதே வழியில 'கசோவரி' என்ற கணக்கு முறை வந்தது. பறக்காத ஒரு பறவையோட பேர் அது. அதை வெச்சுத்தான் ஆப்பிள் 'ஆட்டோ லேஅவுட்' செஞ்சது: 2011-ல மேக், 2012-ல ஐபோன்.

இப்போ நாம சொல்றது, "ரெண்டு ஓரத்திலும் 20 விடு, அகலத்தை நீயே கண்டுபிடி." மிச்சமா இருந்த மார்ஜின் நிபந்தனையா ஆயிடுச்சு.

ஆனா பழைய பழக்கம் போகலை. ஆங்கிலத்துல 'செண்ட்', 'ரிக்வெஸ்ட்' எல்லாம் சின்னச் சொற்கள். அதைப் பார்த்து பட்டனோட அகலம் 80-னு பூட்டிடுறாங்க. தமிழ்ல 'பணம் அனுப்பு', 'பணம் அனுப்பக் கேள்'னு வந்தா? ரெண்டு பட்டனும் 'பணம் அனு…'னு நிக்கும். ஒண்ணுல காசு போகும், இன்னொண்ணுல வரும். அம்மா எதைத் தொடுவாங்க?

ஏன் வெட்டுப்படுதுன்னா, ஒவ்வொரு நிபந்தனைக்கும் 1000 வரை ஒரு முன்னுரிமை எண் உண்டு. "எழுத்து நசுங்கக் கூடாது" என்பதற்கு இயல்பா 750. பூட்டின அகலத்துக்கு 1000. மோதினா சொல்தான் தோற்கும். '80' என்பதை 'குறைந்தது 80'னு மாத்தினா பட்டன் சொல்லுக்கேத்தபடி விரியும். ரெண்டும் ஒரே வரியில அடங்கலைன்னா, ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா அடுக்கணும்.