தினம் ஒரு தாள்

1923 ஆகஸ்டில் வியன்னாவில், அகுதாத் இஸ்ரேல் என்ற ஆசார யூதர்களின் அமைப்பு தன் முதல் உலக மாநாட்டைக் கூட்டியது. பழுத்த ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், நிறைந்த அந்த அவையில் மெயிர் ஷாபிரோ பேச எழுந்தபோது அவருக்கு வயது 36. போலந்தில் சானோக் என்ற ஊரின் ரபி. அந்நாட்டு நாடாளுமன்றத்திலும் உறுப்பினர். அவர் முன்வைத்த யோசனை கேட்பதற்கு எளியது. உலகத்து யூதர்கள் எல்லோரும் ஒரே நாளில் யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்மூதின் ஒரே தாளைப் படிக்க வேண்டும். நாளுக்கு ஒரு தாள், அதாவது முன்னும் பின்னும் இரண்டு பக்கம். ‘தாஃப் யோமி’ என்று இன்று லட்சக்கணக்கானவர்கள் சொல்லும் வழக்கம் பிறந்தது அங்கேதான்.

முதல் உலகப்போர் முடிந்து ஐந்தாண்டுகூட ஆகியிருக்கவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் யூத ஊர்கள் பல சிதைந்து கிடந்தன. பேரரசுகள் போய்ப் புது எல்லைகள் முளைத்திருந்தன. பிழைக்க வழி தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். ஷாபிரோ அவையில் காட்டியதும் ஒரு கப்பல் பயணியைத்தான். தினமும் தன் தாளைப் படித்துக்கொண்டே கடல் கடக்கும் ஒருவன் நியூயார்க்கில் இறங்கி முன்பின் தெரியாத ஒரு படிப்புக்கூடத்துக்குள் நுழைகிறான். அங்கே இருப்பவர்களும் அன்றைக்கு அதே தாளில் இருக்கிறார்கள். அறிமுகமே தேவையில்லை, நேரே விவாதத்தில் உட்கார்ந்துவிடலாம். இன்னொரு காரணமும் சொன்னார். தால்மூதில் சில பகுதிகளைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள், மற்றவை தீண்டுவாரின்றிக் கிடக்கின்றன. வரிசையாகப் போனால் எதுவும் விடுபடாது.

யோசனை சொல்வது சுலபம், நடக்கவேண்டுமே. அந்த ஆண்டு யூதப் புத்தாண்டு நாளில், ஆயிரக்கணக்கான சீடர்களை உடைய கெர் ஊர் ரெப்பே, முதல் தாளைப் படிக்கத் தாமே உட்கார்ந்தார். குருவே படிக்கிறார் என்றால் சீடர்கள் சும்மா இருப்பார்களா?

ஷாபிரோவின் திட்டத்துக்கு அடியில் 400 ஆண்டுப் பழைய ஒரு வேலை இருக்கிறது. எல்லோரும் ஒரே தாளைப் படிக்க, எல்லோரிடமும் தாள் எண் ஒன்றாக இருக்கவேண்டும். அதைச் செய்தவர் ரபி அல்ல, யூதரும் அல்ல. ஆன்ட்வெர்ப்பிலிருந்து வெனிஸுக்கு வந்து அச்சகம் நடத்திய டேனியல் பாம்பெர்க் என்ற கிறிஸ்தவர். பாபிலோனியத் தால்மூத் முழுவதையும் 1520களின் தொடக்கத்தில் முதன்முதலாக அச்சிட்டு முடித்தவர் அவர். அவர் போட்ட தாள் எண்களைத்தான் பின்னால் வந்த பதிப்புகள் பின்பற்றின. 1553இல் போப்பின் ரோமிலும் வெனிஸிலும் தால்மூதைக் குவித்து எரித்தார்கள். அப்படியும் அந்த எண் வரிசை பிழைத்தது. தால்மூதில் அநேகமாக ஒவ்வொரு நூலும் இரண்டாம் தாளில் தொடங்கும். தலைப்புப் பக்கம் முதல் தாளைப் பிடித்துக்கொண்டதால் இந்த விநோதம்.

கெர் ரெப்பே படித்த அந்த முதல் தாளைத் திறந்து பார்க்கலாம். நடுவில் மூலம், அதையொட்டி ஒரு பக்கம் 11ஆம் நூற்றாண்டு ராஷியின் உரை, மறுபக்கம் அவர் வழிவந்தவர்களின் தோசஃபோத் என்ற விளக்கங்கள். மூலத்தில், கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு எடுத்த எடுப்பிலேயே கேட்கிறது: மாலை ஷெமா ஜெபத்தை எந்நேரத்திலிருந்து சொல்லலாம்? எருசலேம் கோவில் பூசாரிகள் தங்கள் பங்கு உணவை உண்ண உள்ளே போகும் நேரத்திலிருந்து என்று பதில். கோவிலோ கி.பி. 70இலேயே தரைமட்டம். எதுவரை சொல்லலாம் என்பதற்கு மூன்று கருத்து: இரவின் முதல் சாமம்வரை, நள்ளிரவுவரை, விடியும்வரை. கடைசிக் கருத்து ரபான் கமாலியேலுடையது. அவருடைய பிள்ளைகள் விருந்துக்குப் போய்விட்டு அகாலத்தில் வீடு திரும்பி, இன்னும் ஜெபம் சொல்லவில்லை என்கிறார்கள். விடியவில்லையே, இப்போதே சொல்லுங்கள் என்கிறார் தகப்பனார். ஏதோ ஒரு வீட்டின் வாசற்படிச் சங்கதி, சட்டநூலின் முதல் பக்கத்திலேயே. உடனே, மிஷ்னாவை அலசும் பகுதியான கெமாரா எழுந்து, காலையை விட்டுவிட்டு மாலையில் ஏன் ஆரம்பித்தாய் என்று மிஷ்னாவையே மடக்குகிறது.

இன்றைய யூத வாழ்க்கைக்கு இந்தப் பழைய வாதங்களால் என்ன பயன் என்று கேட்டால், சட்டம் தெரிந்துகொள்ள என்று நான் சொல்லமாட்டேன். அதற்குச் சுருக்கமான கையேடுகள் நிறைய உண்டு. தோற்ற கருத்தும் சொன்னவர் பெயரோடு அப்படியே இருப்பதும், அதையும் புரிந்துகொண்டுதான் அடுத்த வரிக்குப் போக முடியும் என்பதும்தான் இங்கே விசேஷம். கூடவே, தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொள்ள இந்த அட்டவணை விடாது. பலியிடும் முறைகளைப் பற்றி மாதக்கணக்கில் படிக்கும் வக்கீலும் டாக்டரும் இருக்கிறார்கள்.

குறை சொல்பவர்களும் உண்டு. யெஷிவா எனப்படும் கல்விக்கூடங்களில் சில தாள்களை வைத்துக்கொண்டே ஒரு பருவம் முழுக்க மல்லுக்கட்டுவார்கள். நாளுக்கு ஒரு தாள் என்பது நுனிப்புல் மேய்வது என்பது அவர்கள் வாதம். அது நியாயம்தான். ஆனால் யெஷிவாவில் உட்கார நேரமில்லாத, ரயிலில் வேலைக்குப் போகிற ஆளை மனத்தில் வைத்துத்தானே இது உண்டானது!

முதல் சுற்று 1931 பிப்ரவரியில் நிறைவடைந்தது. ஷாபிரோ 1930இல் லுப்ளினில் பிரமாண்டமான யெஷிவா ஒன்றையும் திறந்தார். 1933இல், 46 வயதில் இறந்தார். பிள்ளைகள் இல்லை. இரண்டாம் உலகப்போரில் யெஷிவாவை ஜெர்மானியர்கள் பறித்துக்கொண்டார்கள். 1938இல் தொடங்கிய மூன்றாம் சுற்று முடிந்தது 1945இல். அதைத் தொடங்கியவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் கொல்லப்பட்டிருந்தார்கள்.

இப்போது ஓடுவது 14ஆம் சுற்று: 2,711 தாள், ஏறக்குறைய ஏழரை ஆண்டு. அது தொடங்கிய 2020 ஜனவரியில், முந்தைய சுற்றின் நிறைவுக்காக நியூ ஜெர்சியின் மெட்லைஃப் அரங்கில் சுமார் 90,000 பேர் கூடினார்கள். அதே வாரம் எருசலேமில் பெண்கள் தனியாக நிறைவு விழா எடுத்தார்கள். மூவாயிரம் பேர் வந்தார்கள். வியன்னா அவை இதை எதிர்பார்த்திருக்காது. செஃபாரியா என்ற இலவசத் தளம் 2017 முதல் ஆங்கில மொழிபெயர்ப்போடு மூலத்தைக் கொடுப்பதால், கைப்பேசி இருந்தால் போதும்.

கைப்பேசித் திரையில் தாள் ஏது? ஆனாலும் செஃபாரியா பாம்பெர்க்கின் எண்படியேதான் பகுத்துத் தருகிறது. பாம்பெர்க் தாள் நிறைந்த இடத்தில் நிறுத்தியவர், வாதம் முடிந்த இடத்தில் அல்ல. அதனால் அன்றாடப் பாடம் பல நாள் பாதி வாக்கியத்தில் அறுந்துபோகும். பாடம் நடத்துபவர்கள் அடுத்த தாளிலிருந்து இரண்டு வரி கடன் வாங்கி வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.