சிங்கக்கொடியும் புலிக்கொடியும்

நமது இரும்புலியூரின் பெயரிலேயே புலி ஒலிக்கிறது. வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடத்துங்கால், புலிக்கொடி சோழருக்கு, மீன்கொடி பாண்டியருக்கு, விற்கொடி சேரருக்கு என்று நாம் சொன்னவுடன் மாணவர் முகம் மலர்வதைப் பன்முறை கண்டிருக்கிறோம். அக்கொடிகளின் கீழ் வாழ்ந்த உழவனும் கூலியாளும் எந்நிலையில் இருந்தனர் என்று கேட்டாலோ வகுப்பு அமைதியாகிவிடும். அக்கேள்வியை, நம் காலத்தில், நம் கடலுக்கு அப்பால், இரு கொடிகளின் கீழ் நடந்து முடிந்த ஒரு போரை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1983 ஜூலை முதல் 2009 மே வரை நீடித்த இலங்கை உள்நாட்டுப் போரே அது.

இரு நாடுகள் பொருதும்போது இரு கொடிகள் எதிர்நிற்பது இயல்பு. ஒரே நாட்டு மக்கள் பொருதும்போது, 'இந்நாட்டுக் கொடி யாருடையது?' என்பதே வழக்காகிவிடுகிறது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த போரில், அடிமை முறையைக் காக்க விரும்பிய தென் மாநிலங்கள் பிரிந்து தனிக்கொடி கண்டன. வடபுலத்தாரோ, பிரிந்து சென்ற மாநிலங்களுக்குரிய விண்மீன்களைத் தம் கொடியினின்றும் நீக்கவில்லை. அக்கொடியின் கீழ் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் போரிட்டனர். 1865இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கொடியில் ஓர் இடம் தருவது எளிது. சட்டத்தில் இடம் பெறுவதே அரிது. இலங்கையின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

வாளேந்திய சிங்கம் கண்டி அரசரின் கொடியில் இருந்த சின்னம். அவ்வரசின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னாட்டு நாயக்கர் வழியினர். 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள் ஏற்பட்ட உடன்படிக்கையால் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடி இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. மன்னரோ நம் வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, 1832இல் அங்கேயே மறைந்தார். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவரது நினைவிடமாகும். சிங்கக்கொடியின் கடைசி அரசர் தமிழ் மண்ணில் துயில்கிறார் என்பதை நினைத்தல் நன்று. பழைய கொடிகள் அரச குலத்தின் அடையாளங்களே. அவற்றை இனத்தின் அடையாளங்களாக்கியவர்கள் பிற்காலத்தவர்.

1948 பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றபோது அச்சிங்கக்கொடியே ஏற்றப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் தமக்கும் இடம் வேண்டும் என்றனர். அதனை ஆராயக் குழு அமைக்கப்பட்டது. அதன் முடிவின்படி 1951இல் தமிழருக்கு ஒரு செம்மஞ்சள் பட்டையும் முஸ்லிம்களுக்கு ஒரு பச்சைப் பட்டையும் கொடியில் சேர்க்கப்பட்டன. சிங்கம் தனிக் கட்டத்திலும், பட்டைகள் அதற்கு வெளியிலும் அமைந்தன. குழுவின் உறுப்பினர்களுள் ஒருவரான செனட்டர் நடேசன் இதற்கு உடன்படவில்லை.

இங்கே நம் இளைஞர்கள் ஒன்றைக் கருத்தூன்றி நோக்க வேண்டும். செம்மஞ்சள் பட்டை தைக்கப்படுமுன்பே, மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டுவிட்டது. யார் இம்மலையகத் தமிழர்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் தமிழகத்தை விட்டுச் சென்று, காடு திருத்திக் காப்பியும் தேயிலையும் விளைத்தவர்கள். அவர்களுட் பெரும்பகுதியினர் நம்மனோரே. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்தம் கட்சியினர் எழுவர் நாடாளுமன்றம் புகுந்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமையையும் நீக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரி, சிறிமாவோ ஆகிய இரு பிரதமர்களும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல் பேசி, சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். தோட்டத்து மக்களை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. அவ்வாறு திரும்பியவர்களுக்கென்றே நீலகிரியில் 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. அங்கேயே எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் தீர்ந்தது.

இனி, மறுபுறத்துக் கொடியைக் காண்போம். 1976இல் தோன்றிய விடுதலைப் புலிகள் இயக்கம் சோழரின் புலியைத் தன் சின்னமாகக் கொண்டது. சிவந்த நிலத்தில் வட்டமாய் அமைந்த 33 தோட்டாக்கள். குறுக்காக இரு துப்பாக்கிகள். நடுவே பாயும் புலியின் தலை. சிங்கத்தின் வாளுக்கு விடையாக எழுந்தது அக்கொடி. 1956இன் தனிச் சிங்களச் சட்டமும், 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களும் அதற்குக் காரணமாயின என்பதை எவரும் மறுக்க இயலாது.

ஆயினும் அக்கொடியையும் நம் கேள்வியால் அளந்து பார்ப்பதே முறை. யாழ்ப்பாணத்தில் பஞ்சமர் எனப்பட்டோர்க்குக் கோயிலும் தேநீர்க்கடையும் நெடுங்காலம் மூடியே கிடந்தன. 1957இலேயே தீண்டாமைக்கு எதிரான சட்டம் வந்தும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அவர்கள் அறப்போர் நடத்த வேண்டியிருந்தது. தடுத்தவர் சிங்களவர் அல்லர், தமிழரே. பின்னாளில் புலிகள் தம் ஆட்சிப் பகுதியில் சாதிக் கொடுமையைத் தடை செய்தனர். ஆணைக்கு அஞ்சி அடங்கிய சாதி, அழிந்துவிடவில்லை. அன்றியும், 1990 அக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் அனைவரும் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பச்சைப் பட்டைக்குரிய மக்களுக்குப் புலிக்கொடியின் கீழும் நிழல் இல்லை.

போர் முடிந்தது. அதன் இறுதிக் கட்டத்தில் மட்டும் பொதுமக்கள் 40,000 பேர் வரை மாண்டிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் வல்லுநர் குழு 2011இல் அறிவித்தது. வென்ற கொடி பறக்கிறது. வீழ்ந்த கொடி மடிக்கப்பட்டுவிட்டது. கடைசி மனிதனின் வழக்கு மட்டும் இரண்டின் கீழும் எஞ்சி நின்றது.

பிறர் வீட்டைப் பேசி நம் வீட்டை மறத்தல் நேர்மையாகாது. நம் மூவண்ணக்கொடியை 1947 ஜூலை 22ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை ஏற்றது. அதனை வகுத்த குழுவில் அண்ணல் அம்பேத்கரும் அமர்ந்திருந்தார். அண்ணல் தலைமையேற்று வரைந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் 2020ஆம் ஆண்டுச் சுதந்திர நாளில், திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், பட்டியலினத்தவரான பெண் ஊராட்சித் தலைவர் ஒருவர் அக்கொடியை ஏற்ற விடாது தடுக்கப்பட்டார். சில நாள்களில் மாவட்ட ஆட்சியர் நேரில் சென்று அவரையே கொடியேற்றச் செய்தார். 2022இல் தலைமைச் செயலாளர் எல்லா மாவட்டங்களுக்கும் இது குறித்து அறிவுறுத்தல் விடுக்க வேண்டியிருந்தது. சட்டத்தில் இடம் இருந்தமையால் அந்த அம்மையார் மீண்டும் கொடிக்கயிற்றைக் கையில் பிடித்தார். மலையகத் தாய்மார்க்கு அச்சட்டம் இல்லை. கொடியில் ஒரு பட்டை மட்டுமே இருந்தது.

இளைஞர்களே! எந்தக் கொடியைக் கண்டாலும் முதலில் வண்ணத்தைப் பார்க்காதீர். அதன் கீழ் எழுதப்பட்ட சட்டத்தைப் படியுங்கள். பிறகு, கயிற்றை இழுக்கும் கை யாருடையது என்று பாருங்கள். நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக இரவுப் பாடம் சொல்லித்தந்தது இவ்வாறு படிக்கவும் பார்க்கவுமே. வெள்ளி விழா மேடையில் இவ்வாண்டு கொடியேற்றும் உரிமையை, இவ்வூரில் துப்புரவுப் பணி செய்யும் ஒரு தாயிடம் அளிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.