தாது வருஷத்தைக் கேட்க ஒரு துண்டுத் தேக்கு

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் பழைய வீட்டை இடிக்கும்போது முதலில் விலை பேசப்படுவது மரத்துக்குத்தான். உத்தரம், தூண், நிலைக்கதவு எல்லாம் பழைய மரக்கடைக்குப் போகும். உளுத்துப்போனது அடுப்புக்குப் போகும். அந்த மரத்துக்குள் நம் பாட்டன் பூட்டன் காலத்து மழைக் கணக்கு இருக்கிறது. அதைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது.

அமெரிக்காவில் டக்ளஸ் என்ற வானியலாளர் இருந்தார். சூரியப் புள்ளிகளின் சுழற்சி மரங்களில் தெரிகிறதா என்று பார்க்கத்தான் வளையங்களை அளக்கத் தொடங்கினார். மழை குறைந்த ஆண்டில் வளையம் ஒடுங்கும், நல்ல மழையில் அகலும். ஐம்பது அறுபது ஆண்டுகள் சேர்ந்த வரிசை, இன்னொரு காலத்தில் அச்சாக அப்படியே திரும்ப வராது. எனவே இன்று நிற்கும் மரத்தின் உள்வளையங்களைப் பழைய வீட்டு உத்தரத்தின் வெளிவளையங்களோடு பொருத்திக்கொண்டே பின்னால் போகலாம். 1929-இல் அரிசோனாவில் கிடைத்த ஒரு கரிந்த உத்தரம் விட்டுப்போன இடைவெளியை இணைத்தது. பூர்வகுடிகளின் பழைய கட்டடங்கள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்று அதன்பின் சொல்ல முடிந்தது.

மாதிரி எடுக்க மரத்தை வெட்ட வேண்டியதில்லை. உள்ளே குழாய் போன்ற துளை உள்ள ஒரு திருகுத் துரப்பணத்தை நெஞ்சு உயரத்தில் மரத்தின் நடுவை நோக்கிக் கையால் திருகுவார்கள். பென்சிலைவிட மெல்லிய ஒரு மரக்குச்சி வெளியே வரும். அதைப் பள்ளம் வெட்டிய கட்டையில் ஒட்டி, உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொரு வளையமாக அளப்பார்கள். ஒரே மரத்தை நம்பமாட்டார்கள். ஒவ்வொரு மரத்திலும் இரண்டு பக்கம், ஒரே காட்டில் பல மரங்கள் என்று எடுப்பார்கள்.

நம்ம ஊர் மரங்களில் இது எளிதல்ல. பனைக்கு ஆண்டு வளையமே கிடையாது. குளிர்காலம் இல்லாத ஊரில் பல மரங்கள் தெளிவான கோடு போடுவதில்லை. இடையில் ஒரு மழை பெய்தால் பொய் வளையமும் விழும். தேக்கு இதற்கு விலக்கு. கோடையில் இலையுதிர்த்து ஓய்ந்து, மழை வந்ததும் பெரிய துளைகளை வரிசையாக வைத்து வளரத் தொடங்கும். அந்தக் கோடு கண்ணுக்கே தெரியும்.

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தினர் கேரளத் தேக்குகளில் இப்படி மாதிரி எடுத்து, 1481 முதல் 2003 வரை 523 ஆண்டு வரிசை ஒன்றை 2010-இல் வெளியிட்டார்கள். மழை பொய்த்த ஆண்டுகள் அதில் ஒடுங்கிய வளையங்களாக நிற்கின்றன. அதே 2010-இல், ஆசியாவில் 300-க்கும் மேற்பட்ட இடங்களின் மர வளையங்களைச் சேர்த்து ஒரு வறட்சி வரைபடத் தொகுப்பும் வந்தது. அதில் தனித்துத் தெரியும் பெருவறட்சிகளில் ஒன்று 1876 முதல் 1878 வரையிலானது.

நமக்கு அது தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். எண்ணூர், பழவேற்காடு வழியாகப் போகும் பக்கிங்ஹாம் கால்வாயைத் தெரியாதவர் நம்மில் இல்லை. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதி, பஞ்ச நிவாரண வேலையாக 1877-78-இல் கூலிக்கு வந்த பட்டினி மக்கள் வெட்டியது. அரசாங்கக் கணக்கில் கூலியும் தலையும் உண்டு. மழை எந்த ஆண்டு குறையத் தொடங்கியது, நிலம் தேற எத்தனை ஆண்டு பிடித்தது என்பதை மரமும் தன் பங்குக்குக் குறித்து வைத்திருக்கிறது. மழைமானி வைத்து அளக்காத காலத்துக்கு அதுதான் சாட்சி.

நம் பழைய வீடுகளின் தேக்கு பர்மாவிலிருந்தோ மலபாரிலிருந்தோ வந்திருக்கலாம். வளைய வரிசை எந்தக் காட்டோடு பொருந்துகிறது என்று பார்த்தால் மரம் வந்த ஊரையும் ஊகிக்கலாம். ஆனால் வீடு கட்டிய ஆண்டை உடனே சொல்லிவிட முடியாது. பர்மாவில் தேக்கின் அடிப்பட்டையைச் சுற்றிலும் வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டு காயவிட்டு, பிறகுதான் சாய்த்து ஆற்றில் மிதக்கவிடுவார்கள். கடைசி வளையம் காட்டுவது பட்டையை வெட்டிய ஆண்டைத்தான். தச்சர் வைரத்தை வைத்துக்கொண்டு வெளிப்புற வெள்ளையைச் செதுக்கியிருந்தால் கடைசி வளையங்களும் போய்விடும். அப்போது 'இந்த ஆண்டுக்கு முன்னால் இல்லை' என்று மட்டுமே சொல்லலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் பழைய வீடு இடிபட்டால், உத்தரத்தின் முனையில் நான்கு விரற்கடை கனத்தில் குறுக்காக ஒரு வில்லை அறுத்துத் தரச் சொல்லுங்கள். வெளிப்புற வெள்ளை ஒட்டியிருக்கும் பக்கமாகப் பாருங்கள். ஊர், தெரு, வீடு கட்டியதாகச் சொல்லப்படும் ஆண்டு, எந்த உத்தரம் என்று அதன்மேலேயே எழுதிக் காய்ந்த இடத்தில் வையுங்கள். லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்திலும் புனேயிலும் வளையம் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இழைப்புளிக்குப் போன மரத்தை யாராலும் படிக்க முடியாது.