பினாங்கு ஸ்குவாட்ரனும் மதராஸ் ஸ்குவாட்ரனும்

பாகான் டாலாமில் ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் நின்றால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளுக்கு அப்பால் கடலும், கடலுக்கு அப்பால் ஜார்ஜ் டவுனும் தெரியும். வடக்கே சில மைல் தள்ளிப் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். அதனால் இந்த வட்டாரத்தில் பேச்சு நடுவில் நின்றுபோவது சகஜம். போர் விமானம் தலைக்கு மேல் கடக்கும்வரை பேசுகிறவர் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

அந்த விமானத்துக்கும் பினாங்கு மாநிலத்துக்கும் நிர்வாக உறவு எதுவும் கிடையாது. ஆனால் பினாங்கு என்ற பெயரைத் தாங்கிய வான்படைப் பிரிவு ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் வங்காள விரிகுடாவின் மறுகரையில் மதராஸ் பெயரிலும் ஒன்று இருந்தது. இரண்டுமே வாரநாளில் வேறு வேலை பார்த்து, ஓய்வு நாளில் விமானம் ஓட்டியவர்களின் படை. இன்று இரண்டுமே இல்லை.

இரண்டுக்கும் மூதாதை பிரிட்டனில் இருக்கிறது. 1924-இல் அங்கே சட்டம் போட்டு, அடுத்த ஆண்டு முதல் துணை வான்படை ஸ்குவாட்ரன்களைத் தொடங்கினார்கள். ஸ்குவாட்ரனுக்கு ஊர்ப் பெயரோ மாவட்டப் பெயரோ வைப்பது, அந்தந்த ஊர்க்காரர்களையே சேர்ப்பது என்பது அவர்கள் வழக்கம். நம் பக்கத்து இரண்டு ஸ்குவாட்ரன்களுக்கும் ஊர்ப் பெயர் வந்த வழி இதுதான்.

மலாயாவில் கதை 1936-இல் சிங்கப்பூரில் தொடங்குகிறது. நீரிணைக் குடியேற்றத் தொண்டர் வான்படை என்று பெயர். 1940-இல் அது மலாயாத் தொண்டர் வான்படை ஆனது. பறக்கும் சங்கங்களில் பொழுதுபோக்குக்கு விமானம் ஓட்டக் கற்றவர்கள், அதாவது கையில் காசிருந்தவர்கள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், தங்கள் சங்கத்து விமானங்களோடு போருக்குள் வந்தார்கள். செய்தி கொண்டுபோவது, ஆள் ஏற்றுவது, வேவு பார்ப்பது அவர்கள் வேலை. 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்ததோடு அந்தக் கதை முடிந்தது.

பினாங்குக்கு முடிவு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1941 டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த் தளத்தை ஜப்பானியக் குண்டு தாக்கியபோது அங்கிருந்து கிளம்ப முடிந்த பிளென்ஹீம் விமானம் ஒன்றே ஒன்று. அதை ஓட்டிய ஆர்தர் ஸ்கார்ஃப் தன்னந்தனியாகத் தாய்லாந்தின் சிங்கோராவரை போய்த் தாக்கிவிட்டு, படுகாயத்தோடு அலோர் ஸ்டாரில் இறங்கி இறந்தார். பிறகு விக்டோரியா சிலுவை கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஜார்ஜ் டவுன்மீது குண்டு விழுந்தது. ஒரு வாரத்துக்குள் வெள்ளைக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியைக் கீழே இறக்கியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, ஒரு யாழ்ப்பாணத் தமிழர். அவர் படைவீரர் அல்லர். காக்க வேண்டியவர்கள் போன பிறகு ஊரில் மிஞ்சிய மனிதர்களில் ஒருவர், அவ்வளவுதான். ‘தொண்டர்’ என்ற சொல்லை இந்தத் தீவில் யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால் நான் முதலில் அவரைத்தான் சொல்வேன்.

சென்னையில் அதே காலம் வேறு மாதிரி நடந்தது. இந்திய வான்படை 1932-இலேயே பிறந்துவிட்டது. 1939-இல் போர் மூண்டபோது அதனிடம் இருந்தது ஒரே ஸ்குவாட்ரன். நீளக் கடற்கரையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எனவே தொண்டர் சேமப்படை ஒன்றைத் திறந்து, உரிமம் வைத்திருந்த சிவில் விமானிகளைச் சேர்த்துக் கடலோரப் பாதுகாப்புப் பிரிவுகளை அமைத்தார்கள். முதலாம் எண் பிரிவு மதராஸுக்கு. அவர்களிடம் இருந்தவை வாப்பிட்டி போன்ற பழைய இரட்டை இறக்கை விமானங்கள். கப்பல் அணிகளுக்கு மேலே சுற்றி நீர்மூழ்கி தென்படுகிறதா என்று பார்ப்பது அன்றாடப் பணி. 1942-இல் இந்தப் பிரிவுகளைக் கலைத்து, ஆட்களைப் புதிய ஸ்குவாட்ரன்களில் சேர்த்தார்கள். போர் முடிந்தபோது இந்திய வான்படையில் ஒன்பது ஸ்குவாட்ரன்கள் இருந்தன. அவற்றின் அதிகாரிகளில் பெரும்பாலோர் சேமப்படை வழியாக வந்தவர்களே.

வேறுபாடு இங்கேதான் விழுகிறது. இந்தியாவில் முதலில் மரம், பிறகு கிளை. மலாயாவில் கிளை மட்டும் இருந்தது, மரம் பிறகுதான் வந்தது. 1950-இல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் உச்சத்தில் இருந்தபோது, மலாயாத் துணை வான்படையை மறுபடி எழுப்பினார்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு என மூன்று ஸ்குவாட்ரன்கள். யாருக்குத் துணை? மலாயாவுக்கென்று வான்படையே அப்போது இல்லை. இருந்தது பிரிட்டிஷ் வான்படை. மலாயாவின் சொந்த வான்படை 1958 ஜூன் 2 அன்றுதான் பிறந்தது. அதன் முதல் விமானமான ட்வின் பயனியருக்கு ‘லாங் ராஜவாலி’ என்று துங்கு அப்துல் ரஹ்மான் பெயரிட்டார். தம்பி பிறந்த பிறகு அண்ணனுக்கு வேலை இல்லை.

மதராஸின் 53-ஆம் ஸ்குவாட்ரன் சுதந்திர நாடு தானே யோசித்து உருவாக்கியது. 1952-இல் இந்திய நாடாளுமன்றம் சேமப்படை, துணை வான்படைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐம்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து டில்லி, பம்பாய், மதராஸ், உத்தரப் பிரதேசம், வங்காளம், ஒரிசா, பஞ்சாப் என ஏழு ஸ்குவாட்ரன்கள் 51 முதல் 57 வரை எண் பெற்றன. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது விமானத்தைப் பற்றிய பகுதி அல்ல, முதலாளியைப் பற்றியது. படை கூப்பிட்டதால் போனவன் திரும்பி வரும்போது அவன் வேலையை மறுபடி கொடுத்தாக வேண்டும் என்கிறது அது. பகுதிநேரப் படையின் உண்மையான எதிரி பல நேரம் எல்லைக்கு அப்பால் இருப்பதில்லை. அலுவலகத்தில் விடுப்புக் கடிதத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இதைப் புரிந்துகொண்டு எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்.

விமானங்களைப் பார்த்தால் இரு கரைக்கும் அதிக வித்தியாசம் இல்லை. இங்கே டைகர் மாத், ஹார்வர்ட். அங்கே ஹார்வர்ட், பிரென்டிஸ், பிறகு சிலருக்கு வேம்பயர் ஜெட். டைகர் மாத் 130 குதிரைத்திறன் கொண்ட, துணி போர்த்திய விமானம்; வாரம் ஒருமுறை தொட்டாலும் கைப்பழக்கம் விட்டுப்போகாது. ஜெட் அப்படியல்ல. அதற்குத் தினசரிப் பயிற்சி வேண்டும், தினசரிப் பராமரிப்பு வேண்டும், கொட்டிக் கொடுக்கக் காசு வேண்டும். பிரிட்டனே 1957 மார்ச்சில் தன் துணைப்படையின் பறக்கும் ஸ்குவாட்ரன்களை ஒரே வீச்சில் கலைத்துவிட்டது. மலாயாவுடையது அதை ஒட்டியே மங்கியது. இந்திய ஸ்குவாட்ரன்கள் முழுநேரப் படைக்குள் கரைந்தன.

ஆனால் ஜெட் வந்ததால்தான் எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 1947-இல் தனி அமைப்பான தேசியக் காவல் வான்படை இன்றும் மாநிலவாரியாக ஜெட் ஓட்டுகிறது. பயணிகள் விமான நிறுவனங்களில் வேலை பார்க்கும் விமானிகள் பலர் அதில் இருக்கிறார்கள். அங்கே மாநிலப் பெயர் வெறும் அடையாள அட்டை அல்ல. அதிபர் அழைக்காத நாளில் அந்தப் படை ஆளுநரின் கட்டளைக்கு உட்பட்டது. வெள்ளம், காட்டுத்தீ என்றால் அவரே இறக்கலாம். பினாங்கு, மதராஸ் ஸ்குவாட்ரன்களுக்கு மாநிலத்திலிருந்து பெயர் கிடைத்தது, ஆட்களும் கிடைத்தார்கள்; கட்டளை ஒருநாளும் அங்கிருந்து வரவில்லை. மலேசிய அரசியல் சட்டத்திலும் இந்திய அரசியல் சட்டத்திலும் தற்காப்பு மத்தியின் பட்டியலில் இருக்கிறது.

ஹாங்காங் மூன்றாவது வழியில் போனது. அங்கும் 1949-இல் துணை வான்படை தொடங்கியது. அந்த ஊருக்குத் தம்பியே பிறக்கவில்லை. அதனால் அண்ணன் பிழைத்துக்கொண்டான்: போர்ப்பயிற்சியைக் கைவிட்டு, கடலில் தத்தளிப்போரைத் தூக்குவது, தீயணைப்பது என்று மாறி, 1993 ஏப்ரல் முதல் ராணுவம் சாராத அரசு விமானச் சேவையாக நடக்கிறது. பினாங்கு ஸ்குவாட்ரனுக்கும் இப்படி ஒரு மறுபிறவி கிடைத்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

2017 நவம்பர் 4 இரவு முழுக்கப் பேய்மழை. பினாங்குத் தீவிலும் எதிர்க்கரையான செபராங் பிறையிலும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. அப்போதைய முதலமைச்சர் லிம் குவான் எங் பாகான் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. பாகான் டாலாம் அந்தத் தொகுதிக்குள்தான் அடக்கம். விடிவதற்கு முன் அவர் துணைப் பிரதமர் ஸாஹிட் ஹமிடியைத் தொலைபேசியில் அழைத்து ராணுவத்தை அனுப்பும்படி கேட்டார். பட்டர்வொர்த் தளம் அவர் தொகுதியிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் கேட்க வேண்டிய இடம் கோலாலம்பூர்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2015 டிசம்பரில், சென்னையிலும் அப்படித்தான். மீனம்பாக்கம் ஓடுபாதை தண்ணீரில் மூழ்கி விமான நிலையத்தை மூடியபோது, அரக்கோணத்துக் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் போய்வந்தன. அந்தத் தளமும் டில்லியுடையதுதான். 53-ஆம் ஸ்குவாட்ரனின் நினைவு அந்த வெள்ளத்தில் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.