ஸ்பீக்கரில் முயல் கத்தினால் கயோட்டி வருமா? அமெரிக்காவின் ‘எலக்ட்ரானிக்’ வேட்டையில் புதியவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

யூடியூப்பில் அமெரிக்க வேட்டை வீடியோ ஒன்றைத் தெரியாமல் கிளிக் செய்துவிட்டால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு அல்காரிதம் உங்களை விடாது. பெரும்பாலும் ஒரே காட்சிதான். பனி படர்ந்த புல்வெளி. முயல் ஒன்று உயிர்போகிற மாதிரி வீறிடுகிறது. தூரத்தில் ஒரு சின்னப் புள்ளி தெரிகிறது, அது நாய் மாதிரி ஒரு மிருகமாகி நேராக ஓடி வருகிறது. துப்பாக்கி வெடிக்கிறது.

அங்கே முயலே இல்லை. கத்தியது, ரிமோட்டில் இயங்கும் ஒரு ஸ்பீக்கர்.

மூன்று நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு ‘இவ்வளவு ஈசியா?’ என்று கடைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த மூன்று நிமிடத்துக்காக எத்தனை விடியற்காலைகள் வீணாயின என்பது எடிட்டிங்கில் போய்விடும். டேட்டா வேலை செய்பவர்கள் இதை ‘சர்வைவர்ஷிப் பயஸ்’ என்பார்கள். ஜெயித்தவை மட்டும் கண்ணில் படும், தோற்றவை கணக்கிலேயே வராது. இந்த வேட்டையில் பல வருட அனுபவம் உள்ளவர்களுக்கே, நாள் முழுக்க இடம் மாற்றி மாற்றி உட்கார்ந்து ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்புவது சாதாரணம்.

கயோட்டி யார்?

நம்மூர் குள்ளநரியைவிடக் கொஞ்சம் பெரியது, ஓநாயைவிடச் சிறியது. எடை பெரும்பாலும் 9 முதல் 20 கிலோ வரை. முயல், எலி, பழம், செத்த மான், குப்பைத்தொட்டி என எதையும் விடாது. ஒரு காலத்தில் வட அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளிலும் பாலைவனங்களிலும் இருந்த விலங்கு, இன்று ஹவாய் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. தெற்கே பனாமா வரை போய்விட்டது. சிகாகோ நகரமும் சுற்றுப்புறமும் அடங்கிய குக் கவுண்டியில் 2000-ம் ஆண்டு முதல் ஆய்வாளர்கள் இவற்றைப் பிடித்து, ரேடியோ பட்டை மாட்டி, பின்தொடர்ந்து வருகிறார்கள். ரயில் பாதையோரம், கல்லறைத் தோட்டம், கோல்ஃப் மைதானம் என மனிதர்களின் நடுவிலேயே குடும்பம் நடத்துகின்றன.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

வாயால் ஊதும் கருவிகள் முதலில் வந்தன. 1960-களில் டெக்சாஸின் வேக்கோ நகரைச் சேர்ந்த ஜானி ஸ்டூவர்ட், விலங்குகளின் குரலைப் பதிவு செய்து இசைத்தட்டாக விற்கத் தொடங்கினார். அன்று ரெக்கார்ட் பிளேயரைக் காட்டுக்குத் தூக்கிப் போனார்கள். இன்று ஃபாக்ஸ்புரோ, ஐகோடெக் போன்ற கம்பெனிகளின் பெட்டிகளில் டிஜிட்டல் ஒலிகள் வரிசையாக இருக்கும். விலை நூறு டாலருக்குள் தொடங்கி ஐந்நூறைத் தாண்டும்.

ஒலிகள் அடிப்படையில் இரண்டு வகை. ஒன்று, ஆபத்தில் மாட்டிய இரையின் அலறல். இது பசியைத் தூண்டும். இன்னொன்று, கயோட்டியின் சொந்தக் குரல். ‘என் ஏரியாவில் யார் புதுசா?’ என்ற எல்லை உணர்வையும், இணை தேடும் உணர்வையும் தொடும். ஜனவரி முதல் மார்ச் வரை இணை சேரும் காலம் என்பதால் அப்போது ஊளைச் சத்தத்துக்கு மவுசு அதிகம். இலையுதிர் காலத்தில் நிலைமை வேறு. அந்த வருடம் பிறந்த இளசுகள் தாய் வீட்டை விட்டுப் பிரிந்து அலையும் நேரம் அது. அனுபவம் குறைவு, முயல் அலறலுக்கே ஓடி வரும். முதல்முறை முயல்பவர்களை அக்டோபரில் போகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

குரலால் ஏமாற்றி அழைப்பது அமெரிக்கக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. நம்மூர் நரிக்குறவர்கள் எந்தக் கருவியும் இல்லாமல் தொண்டையிலேயே நரி ஊளை எழுப்பி நரியை வலைக்கு வரவழைத்தவர்கள். அந்தத் திறமை தலைமுறைகளாகப் பழகி வந்தது. பெட்டி அந்தப் பயிற்சியை மிச்சப்படுத்துகிறது. மற்ற எதையும் மிச்சப்படுத்துவதில்லை.

எல்லாவற்றையும் கெடுப்பது காற்று

புதியவர்கள் ஒலியை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒலியில் பெரும்பாலும் குறை இருக்காது. கயோட்டி காதால் வரும், ஆனால் மூக்கால்தான் முடிவெடுக்கும். சத்தம் வரும் திசைக்கு நேராக ஓடி வராமல், கடைசிக் கட்டத்தில் அரைவட்டம் அடித்து, காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போய் நிற்கும். முயல் வாசனை வருகிறதா என்று மோந்து பார்க்கும். மனித வாசனை வந்தால் கதை முடிந்தது. அது வந்ததும் போனதும் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஒரு உதாரணம் பார்ப்போம். காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. நீங்கள் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டால், கயோட்டி உங்களுக்கே கிழக்கே போய் நிற்கும், உங்கள் வாசனை நேராக அதன் மூக்குக்குப் போகும். அதே பெட்டியை முன்னால் 40 மீட்டர் வடக்கே வைத்துவிட்டு வந்தால்? அது பெட்டிக்குக் கிழக்கே வளையும். உங்கள் வாசனையும் கிழக்கேதான் போகிறது, ஆனால் அதற்கு 40 மீட்டர் தெற்கே. வாசனைக் கோட்டைத் தொடுவதற்கு முன்பே அது உங்கள் கண்ணில் பட்டுவிடும். ரிமோட்டுக்குக் கொடுக்கும் காசின் உண்மையான பயன் இந்த 40 மீட்டர்தான். இதைக் கவனிக்காமல் வாங்குபவர்கள் ஒலிகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார்கள்.

மற்ற தவறுகள் சின்னவை, ஆனால் அடிக்கடி நடப்பவை. கார் கதவைப் பட்டென்று சாத்துவது. மேட்டின் உச்சியில், வானத்தைப் பின்னணியாக வைத்து நடப்பது. எடுத்ததுமே வால்யூமை முழுசாக வைப்பது (பக்கத்துப் புதரில் படுத்திருப்பது மிரண்டு ஓடும்). ஐந்து நிமிடத்தில் பொறுமை இழந்து எழுந்திருப்பது. திறந்த வெளியில் 15, 20 நிமிடமாவது அசையாமல் இருக்க வேண்டும், அடர்ந்த காட்டில் இன்னும் அதிகம்.

தப்பித்த கயோட்டி பாடம் கற்றுக்கொள்ளும் என்பது இன்னொரு விஷயம். ஒரே இடத்தில் ஒரே முயல் அலறலை வாராவாரம் போட்டால், நீங்கள் வேட்டையாடவில்லை, அதற்கு டியூஷன் எடுக்கிறீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மான் போன்ற விலங்குகளுக்குப் பல மாநிலங்கள் எலக்ட்ரானிக் ஒலியை அனுமதிப்பதில்லை. வலசை போகும் பறவைகளுக்கு, சில விதிவிலக்குகள் தவிர, மத்திய விதிகளிலேயே தடை. கயோட்டிக்கு மட்டும் பெரும்பாலான மாநிலங்களில் அனுமதி உண்டு, பல இடங்களில் ஆண்டு முழுவதும் சுடலாம். அதேநேரம், யார் அதிகம் கொல்கிறார்கள் என்று பரிசு வைக்கும் போட்டிகளுக்கு எதிர்ப்பு வளர்ந்திருக்கிறது. 2014-ல் கலிஃபோர்னியா பரிசுகளுக்குத் தடை போட்டது. 2019-ல் நியூ மெக்சிகோ கயோட்டி கொல்லும் போட்டிகளையே தடை செய்தது.

வீடியோவைப் பார்த்துவிட்டு ஊருக்கு வரும்போது ஒரு பெட்டியோடு வரலாமா என்று யோசிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், வேட்டைக்கான முயற்சியையும் வேட்டை என்றே சொல்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு குள்ளநரி முதல் அட்டவணையில் இருக்கிறது. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

சுட்டால் எண்ணிக்கை குறையுமா?

‘ஆடு மாடுகளைக் காப்பாற்றுகிறோம்’ என்பது வேட்டைக்காரர்கள் அதிகம் சொல்லும் காரணம். அமெரிக்க வேளாண் துறையின் வைல்ட்லைஃப் சர்வீசஸ் பிரிவே கொல்லும் கயோட்டிகள், பல ஆண்டுகளில் 60 ஆயிரத்தைத் தாண்டுகின்றன. தனிநபர் வேட்டை இதில் சேராது. இத்தனைக்கும் நடுவில்தான் அந்த விலங்கு பனாமா வரை பரவியது. 1975-ல் கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: ஒரு பகுதியின் கயோட்டிகளில் 75 சதவீதத்தை ஒவ்வோர் ஆண்டும் கொன்றுகொண்டே இருந்தாலும், அவை அழிய 50 ஆண்டுகளுக்குக் கொஞ்சம் மேலாகும். எண்ணிக்கை குறைந்தால் மிச்சமிருப்பவற்றுக்கு உணவு கூடும், அதிகக் குட்டிகள் பிழைக்கும், காலியான இடத்துக்குப் பக்கத்து இளசுகள் வரும். ஆடுகள் குட்டி போடும் சமயத்தில், தொல்லை தரும் கயோட்டியைக் குறிவைத்து நீக்குவது ஒரு பண்ணைக்கு உதவலாம். ஞாயிற்றுக்கிழமை போய் எங்கோ ஒன்றைச் சுடுவது வேறு கணக்கு.

வந்தது கயோட்டிதானா?

முயல் அலறலுக்குக் கயோட்டி மட்டும் வராது. பக்கத்துப் பண்ணை நாய் வரலாம். அதே சத்தத்தைக் கேட்டு, மறைப்பு உடை போட்ட இன்னொரு வேட்டைக்காரரும் வரலாம். புதர் அசைந்தால் சுடாதே என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

வட கரோலினாவின் கிழக்கில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. உலகிலேயே செந்நிற ஓநாய்கள் காட்டில் வாழும் ஒரே பகுதி அது, எண்ணிக்கை மிகக் குறைவு. இளம் ஓநாய்க்கும் கயோட்டிக்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. கயோட்டி என்று நினைத்து ஓநாய்கள் சுடப்பட்டதால் விவகாரம் நீதிமன்றம் போனது. 2014-ல் அங்குள்ள 5 கவுண்டிகளில் இரவு நேரக் கயோட்டி வேட்டை நிறுத்தப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அதிகாரிகள், வளர்ந்த ஓநாய்களுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கழுத்துப்பட்டை மாட்டுகிறார்கள், சுடுபவர் கண்ணில் படட்டும் என்று. குட்டிகளுக்கு அந்தப் பட்டை கிடையாது.