கூடாரம் இல்லாத முகாம்

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுவார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காட்டில் நடப்பார். கூடாரம் போட்டுத் தூங்குவார். திங்கட்கிழமை காலை ஆபீஸில் ஆஜராகிவிடுவார். அப்படி ஒரு நண்பர் எனக்கு உண்டு. அவர் முதுகில் சுமக்கும் மூட்டையை ஒருநாள் தூக்கிப் பார்த்தேன். பதினைந்து கிலோவாவது இருக்கும். தூங்கும் பை, டார்ச், குட்டி அடுப்பு, கொசு மருந்து, நூடுல்ஸ்... பி.காம். படித்தவன் புத்தி எங்கே போகும்? இரண்டு நாளுக்கு இவ்வளவு முதலீடா என்று தோன்றியது.

'மூட்டையே இல்லாமல் மலையில் தங்கியவர்களைக் காட்டுகிறேன், வாங்க' என்று செஞ்சிக்குக் கூட்டிப் போனேன்.

சனிக்கிழமை ராஜகிரி. மூச்சு வாங்க ஏறினோம். செஞ்சியில் கூடாரம் என்றால் மொகலாயர்களைத்தான் சொல்ல வேண்டும். சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-ல் கீழே வந்து முகாம் போட்டார். கோட்டை விழுந்தது 1698-ல். அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார்! எட்டு வருஷக் கூடாரத்தின் கதை அவ்வளவுதான். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் கோட்டை சேர்ந்துவிட்டது. கூட்டத்துக்குக் குறைவில்லை.

நான் காட்ட நினைத்தது இதையல்ல.

ஞாயிறு காலை, ஊருக்குச் சற்று வடக்கே சிறுகடம்பூர் பக்கம் இருக்கும் திருநாதர் குன்றுக்குப் போனோம். சின்னக் குன்றுதான். மேலே ஒரு பெரிய பாறை. அதில் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள். பக்கத்திலேயே ஒரு பழைய கல்வெட்டு. பிராமி எழுத்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தது. சுமார் 1,500 வருஷத்துக்கு முந்தையது. விஷயம் ரொம்பச் சுருக்கம். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட இடம் இது. அவ்வளவே.

ஐம்பத்தேழு நாள்!

நண்பர் அந்தப் பாறையையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு இன்னொன்றும் இங்கே இருக்கிறது. இளையபட்டாரர் என்பவர் 30 நாள் இருந்திருக்கிறார். திகம்பரத் துறவியின் மொத்த மூட்டை என்ன தெரியுமா? ஒரு மயிற்பீலி, ஒரு கமண்டலம். உடை கிடையாது. நாளுக்கு ஒருவேளை உணவு, அதுவும் கையில் வாங்கி. கடைசியில் அதையும் விட்டுவிடுவார்கள். நமக்கு இது புதுசும் இல்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும், கோவலன் செய்தி கேட்டுக் கவுந்தியடிகள் உண்ணாமல் உயிர்விட்டதும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே. இது தவமா, தற்கொலையா? 2015-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தற்கொலை என்றது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் சந்திரநந்தியை யாரும் துரத்தி மலையேற்றவில்லை. அவராக வந்தார்.

துரத்திய கதையும் இந்தச் சீமையில் உண்டு. 1906-ல் வந்த தென்னார்க்காடு கெஜட்டியரில் இருக்கிறது. வழிவழியாகச் சொல்லப்பட்டது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 1478 வாக்கில் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி, சமணர்களிடம் பெண் கேட்டான். சரி என்றார்கள். கல்யாணத்தன்று போனால் வீடு காலி. திண்ணைத் தூணில் ஒரு பெண் நாய் கட்டியிருந்தது. சமணர் தலைகளை வெட்டச் சொல்லிவிட்டான். ஓடியவர் ஓடினார்கள். சிலர் நீறு பூசிச் சைவரானார்கள். வீரசேனாச்சாரியார் என்பவர் திண்டிவனம் பக்கம் நீர்க்கரையில் ரகசியமாகச் சமணச் சடங்கு செய்தபோது பிடிபட்டார். நல்லவேளை, அரசனுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் விட்டுவிட்டான். அவர் சிரவணபெளகொளாவுக்குப் போய்விட்டார்.

தாயனூர் காங்கேய உடையார் ஓடிப்போனது உடையார்பாளையத்துக்கு. நிலம் கிடைத்தது, பிழைத்துக்கொண்டார். அங்கேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை. சிரவணபெளகொளா வரை போய் வீரசேனரைத் திரும்ப அழைத்து வந்தார். இருவரும் செஞ்சிச் சீமையில் ஊர் ஊராக நடந்து, மதம் மாறியவர்களைக் கூப்பிட்டார்கள். நண்பரின் நடையெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்!

கூப்பிட்டதற்கு ஆள் வந்ததா? அதைப் பார்க்கத்தான் சாயங்காலம் மேல்சித்தாமூர் போனோம். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, வயல்களுக்கு நடுவில் ஏழுநிலைக் கோபுரம். பார்சுவநாதர் கோயில். பக்கத்தில் மலைநாதர் கோயிலில் பாறையிலேயே செதுக்கிய பாகுபலியும் பார்சுவநாதரும். ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம். பட்டத்துக்கு வருகிறவர் எவரானாலும் லட்சுமிசேன பட்டாரகர் என்றே பெயர். சமணம் மதுரைக் கழுமரத்தோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒரு தடவை வந்து பார்க்கலாம். சேட்டு வீட்டுச் சமணர்கள் அல்ல இவர்கள். வீட்டில் தமிழ், தொழில் விவசாயம், பெயருக்குப் பின்னால் நயினார்.

கோயில் வாசலில் ஒரு பெரியவர் பேச்சுக்கொடுத்தார். திடீரென்று வானத்தைப் பார்த்தார். "பொழுது சாயப்போவுது சார், வந்து சாப்ட்டுடுங்க. அப்புறம் நாங்க அடுப்பு மூட்ட மாட்டோம்."

சாப்பிட்டோம். ராத்திரி ஒன்பது மணிக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நண்பருக்கு மறுபடி பசித்தது. பரோட்டாக் கடைப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஐம்பத்தேழா சார்?" என்றார்.